அம்மா ஸ்கேனிடம் கேட்ட கேள்வி

இன்றைய பதிவு நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். வழக்கம்போல் "சூப்பர் டீச்சர்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல் கடைசிவரை படித்தால் சந்தோஷப்படுவேன்.

பத்து நாளைக்கு முன்பு பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 1994இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். பெயர் சொல்லப்போவதில்லை. இதை எழுதுவதற்கு அவளிடமும் அவள் மகளிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். நான்கைந்து மாதமாக அறையை விட்டே வெளியே வருவதில்லையாம். விடுதியில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், செல்போன் வழியாகத் தான் நினைப்பதைக்கூடக் கேட்கிறார்கள் என்கிறாளாம். மனநல மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சு டீச்சர். மூளைல ஒண்ணுமே இல்லையாம். அதனால மாத்திரைய நிறுத்திட்டோம். நோயும் இல்ல ஒண்ணும் இல்ல, நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சதுதான்னு அவங்கப்பா என்னையத் திட்டுறாரு."

அவள் சந்தோஷமாகச் சொன்னாளா, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாளா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. கிட்டத்தட்ட இதே பேச்சை 1987இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். தெரியும் என்றால், கல்யாணம் காட்சிகளில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்ளும் அளவுக்குத் தெரியும். என் மாணவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. 35 வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன், ஒருநாள் ஒரு வகுப்பில்கூட எனக்கு ஒரு அண்ணன் உண்டு என்று நான் சொன்னதில்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் கிளார்க். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவர். கெட்டிக்காரர். கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். திருச்சியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவர், 1971 அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆய்வகத்தில் தன் சோதனைக் குழாயில் மட்டும் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றார். ஒரு வாரம் கழித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைத்தான் மறைமுகமாகச் சொல்கிறார் என்றார். அதற்கப்புறம் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

குணசீலத்துக்கு அழைத்துப்போய் அம்மா ஒரு மண்டலம் அவரோடு தங்கினாள். உச்சிகாலத் தீர்த்தத்தை முகத்தில் அடிப்பார்கள். அதைக் கேலியாக எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த 48 நாளும் அண்ணனை யாரும் ஏளனம் செய்யாத ஒரே இடம் அதுதான் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி, கரண்ட், ஊசி, மாத்திரை. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரே எங்களுக்கு மூன்றாவது வருடம்தான் தெரிந்தது.

பெயர் தெரிவதற்கு முன்பே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாதான் காரணம். அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, ஆரம்பித்து வைத்தார். "வளத்த லட்சணம் அப்புடி." நான் பிறந்த சமயம் அம்மாவுக்கு டைபாய்டு வந்து ஆறு மாதம் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டாளாம். பிள்ளை அப்போது ஏங்கிப் போய்விட்டதாம். இது தெருவுக்கே தெரிந்த காரணம். அம்மாவுக்கு மட்டும் இன்னொரு காரணம் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. அரையாண்டில் கணக்கில் மார்க் குறைந்ததற்காக அண்ணனை அவள் தோசைக் கரண்டியால் தலையில் ஓர் அடி அடித்திருக்கிறாள். புடைப்புகூட வரவில்லை. ஆனால் அந்தக் கரண்டியை அதற்கப்புறம் அவள் தொடவே இல்லை. பரணில் கிடந்தது. ஏன் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

1987க்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மெட்ராஸில் மூளையை அறுக்காமலே படம் எடுக்கிற மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அண்ணனையும் அம்மாவையும் கூட்டிப்போனேன். சி.டி. ஸ்கேன். பெரிய காக்கிக் கவரில் கருப்புப் படம், கூடவே டைப் அடித்த ஒரு தாள். "நார்மல்" என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கவரைப் பிரிக்கவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல? மூளைல ஒண்ணும் கிடையாது. வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம். பதினாறு வருஷமா நடிக்கிறான்" என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஓரமாக எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

ராத்திரி அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். "அந்தப் படத்துல அடிபட்ட தழும்பு ஏதாவது தெரியுதாடி?" என்றாள். அப்போதுதான் கரண்டிக் கதை வெளியே வந்தது. இல்லையம்மா, நார்மல் என்றால் தழும்பே கிடையாது என்றேன். நான் அறிவியல் டீச்சர், நான் சொன்னால் ஊரே நம்பும். அம்மா நம்பவில்லை. "படத்துக்குத் தெரியாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு படத்திடம் ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் அந்தப் படத்தால் பதில் சொல்ல முடியாது என்று எடுத்துச் சொல்லும் படிப்பு எனக்கு அப்போது இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஸ்கேன் துறையில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் கட்டுரைகளை அனுப்பிவைத்து, நான் கேட்கும் அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னான். இனி வருவது அப்படிப் படித்தது. டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவர் வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நம் வீடுகளில் நாய் படம் போட்ட இசைத்தட்டு இருந்ததே, அந்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் பெயர் அவர்களிடம்தான் இருந்தது. ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாக அந்த மெஷினில் படம் எடுத்தது லண்டன் விம்பிள்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், 1971 அக்டோபர் 1ஆம் தேதி. அண்ணன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அதே மாதம். இதில் அர்த்தம் எதுவும் கிடையாது என்று தெரியும். இருந்தாலும் அந்தத் தேதியைப் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, 1976இல், அதே லண்டனில் நார்த்விக் பார்க் என்ற இடத்தில் ஈவ் ஜான்ஸ்டோன் என்ற பெண் மருத்துவரும் உடன் வேலை பார்த்தவர்களும், நாள்பட்ட மனச்சிதைவு நோயாளிகள் 17 பேரை அந்த மெஷினில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மூளைக்கு நடுவில் திரவம் நிரம்பிய அறைகள் உண்டு. வென்ட்ரிக்கிள் என்று பத்தாம் வகுப்பில் படம் போட்டு வரைந்திருப்பீர்கள். நோயாளிகளுக்கு அந்த அறைகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தன. 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள்.

அந்த நாளில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், அமெரிக்காவில் படித்த டாக்டர்களே எங்கள் பெரியத்தை சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற பெரிய மனநல மருத்துவர், இந்த நோயை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைச் சொல்லி எழுதினார். அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் கூண்டில் ஏற்றினார்கள். பெரியத்தையாவது படிக்காதவர்.

சரி, நோயாளிகளின் மூளையில் வித்தியாசம் இருக்கிறது என்றால், அண்ணன் படம் ஏன் நார்மல்? இதைத்தான் என் மாணவிக்குப் போனில் விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் பிரேயரில் வரிசையாக நிறுத்தி உயரத்தை அளந்து சராசரி எடுத்தால், பத்தாம் வகுப்பு உயரமாக இருக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் வராண்டாவில் போகிற ஒரு பையனைப் பிடித்து, உயரத்தை மட்டும் பார்த்து, நீ பத்தாவதா ஒன்பதாவதா என்று சொல்ல முடியுமா? ஒன்பதாவதில் நெட்டைக்கொக்கு உண்டு, பத்தாவதில் முன்வரிசைக் குள்ளன் உண்டு. மனச்சிதைவில் மூளைப்படம் காட்டும் வித்தியாசம் அந்த மாதிரி. கும்பலாகப் பார்த்தால் உண்டு. ஒரு ஆளைத் தனியாக நிறுத்தினால் சொல்ல முடியாது. அறை பெரிதாக இருந்தும் நோயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நோய் இருந்தும் அறை அளவாக இருப்பவர்கள் ஏராளம். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. வந்து படம் எவ்வளவோ துல்லியமாகிவிட்டது. ஆனாலும் ஒரு படத்தை வைத்து இவருக்கு மனச்சிதைவு உண்டு, இல்லை என்று எந்த டாக்டரும் எழுத முடியாது.

அப்படியென்றால் டாக்டர் ஏன் எடுக்கச் சொல்கிறார்? வேறு எதுவும் இல்லையே என்று பார்க்க. மூளையில் கட்டி, வீக்கம், பழைய ரத்தக்கசிவு, இவையும் சில சமயம் குரல் கேட்பது, சந்தேகப்படுவது என்று வேஷம் போட்டு வரும். அவை இருந்தால் வைத்தியமே வேறு. ஆக "நார்மல்" என்று வந்தால் அந்த வேஷக்காரர்கள் யாரும் இல்லை என்று மட்டும் அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நடிப்பு என்று அர்த்தமே இல்லை. என் அப்பா இதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார்.

(இதற்கு நடுவில் என் மாணவியின் வீட்டுக்காரருக்கு யாரோ ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள். தலையில் தொப்பி மாட்டி, கலர் கலராக மூளைப்படம் போட்டு, "உங்கள் பிள்ளையின் பிரச்சனை எங்கே என்று துல்லியமாகக் காட்டுகிறோம்" என்று பேக்கேஜ். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஆட்டிசம், படிப்பில் பின்தங்குவது என்று நம் சொந்தத்திலேயே இரண்டு வீடுகளில் இப்படிப் பணம் கட்டியிருக்கிறார்கள். எந்த வீடு என்று அவர்களுக்கே தெரியும்.)

இனி அம்மாவின் கேள்வி.

1990இல் அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனத்தில் ஒரு வேலை செய்தார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள், ஆனால் ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு, மற்றவர் சுகமாக இருக்கிறார். இப்படி 15 ஜோடிகளைத் தேடிப்பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 15இல் 14 ஜோடிகளில், நோய் வந்தவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுக்கான பகுதி, சுகமாக இருக்கும் உடன்பிறப்பைவிடச் சிறியதாக இருந்தது. கவனியுங்கள், இங்கே ஒரு ஆளை ஊர்ச் சராசரியோடு ஒப்பிடவில்லை. அவருடைய மறுபதிப்போடு ஒப்பிட்டார்கள். அதனால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தனியாகப் பார்த்திருந்தால் அவர்களில் பல பேருடைய படத்துக்கும் நார்மல் என்றே எழுதியிருப்பார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் ஃபுல்லர் டோரி. அவருடைய தங்கைக்கே இந்த நோய் இருந்தது.

அந்த இரட்டையர்களுக்கு ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. திட்டும் அடியும்கூட ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஒருவர் மூளையில் மட்டும் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று படம் சொல்லவில்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது தெரியும். ஆனால் அதுவே எல்லாம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் இப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கு மேல் போவதில்லை.

இன்னொன்றும் படித்தேன். இது படம் சம்பந்தப்பட்டது அல்ல, ஆனாலும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். 1966இல் ஹெஸ்டன் என்பவர், மனச்சிதைவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடத்தில் வளர்ந்த 47 பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு தேடிப் பார்த்தார். 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மார்களுக்குப் பிறந்து அதேபோல் வேறு இடத்தில் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. வளர்ப்பு கெட்டதால்தான் நோய் என்றால், வளர்க்கவே செய்யாத தாயிடமிருந்து அது எப்படிப் போயிற்று?

அம்மா 1998இல் இறந்தாள். ஹெஸ்டன் கட்டுரை வந்து 32 வருடம் ஆகியிருந்தது, இரட்டையர் கட்டுரை வந்து 8 வருடம். இத்தனை வருடம் எத்தனை டாக்டர்களைப் பார்த்தோம்! ஒருவர்கூட அவளை உட்காரவைத்து, "அம்மா, இது உங்களால் வந்தது இல்லை" என்று சொல்லவில்லை. அவர்களைச் சொல்வானேன். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். "நார்மல்" என்ற தாளைக் காட்டினேனே தவிர, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அண்ணனின் மாத்திரை. அந்த எச்சில் ஒழுகியதைச் சொன்னேனே, அது.

ஹாலோபெரிடால் என்ற மருந்தை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அப்படித்தான், ஒரு ஆஸ்பத்திரியை மட்டும் குறை சொல்ல முடியாது. குரல்கள் அடங்கின. ஆனால் உடம்பு மரக்கட்டை ஆகிவிட்டது. முகத்தில் ஒரு அசைவு கிடையாது. நடந்தால் கை வீசாது. ஒரு நிமிடம் உட்காரவும் முடியாமல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருப்பார். அச்சுக் கோத்த அந்தக் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்து, நடுங்கி, கடைசியில் நின்றேபோனது. இதெல்லாம் நோய் முற்றிய அடையாளம் என்று நாங்கள் நினைத்தோம். பாதிக்கு மேல் மருந்தின் வேலை.

இங்கேதான் மூளைப்படம் நிஜமாகவே கை கொடுத்தது. ஆனால் அது வேறு வகைப் படம். பெட் ஸ்கேன் என்று பெயர். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் மூளை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும். பெட் ஸ்கேனில் உள்ளே எந்த மருந்து எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்க்கலாம். மிகச் சிறிய அளவு கதிரியக்கம் ஏற்றிய ஒரு பொருளை ஊசியில் செலுத்தி, அது எங்கே இடம் பிடிக்கிறது என்று படம் எடுப்பார்கள். வேதியியல் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல்: அதில் பயன்படுத்தும் கார்பன்-11இன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நிமிடம்தான். வெளியூரில் செய்து பார்சலில் வாங்க முடியாது. அந்த இடத்திலேயே தயாரித்து உடனே ஊசி போட்டாக வேண்டும். அண்ணன் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து உட்கார இருக்கைகள் உண்டு. இந்த மாத்திரைகள் அந்த இருக்கைகளில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கின்றன. எத்தனை இருக்கையைப் பிடித்தால் குணம் தெரியும்? 1980களில் சுவீடனில் லார்ஸ் ஃபார்டே என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதை உயிரோடு இருக்கும் நோயாளிகளிடமே அளக்க ஆரம்பித்தார்கள். பிறகு கனடாவின் டொரண்டோவில் ஷிதிஜ் கபூர். டெல்லி எய்ம்ஸில் படித்த நம் நாட்டுப் பிள்ளை. அவருடைய குழு 2000ஆவது ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எனக்கு மனப்பாடம். புதிதாக நோய் கண்ட 22 பேர். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நாளைக்கு 1 மில்லிகிராம் ஹாலோபெரிடால், சிலருக்கு 2.5 மில்லிகிராம். பிறகு பெட் ஸ்கேன். நூற்றுக்கு 65 இருக்கைகளுக்கு மேல் நிரம்பினால் குணமாகும் வாய்ப்பு கூடியது. 78ஐத் தாண்டினால் கை கால் விறைப்பும் நடுக்கமும் வரும் வாய்ப்பு கூடியது. அவ்வளவு சிறிய அளவிலேயே பலருக்கு வேண்டிய இருக்கைகள் நிரம்பிவிட்டன.

1 மில்லிகிராம், 2.5 மில்லிகிராம். எங்கள் வீட்டில் 20. பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பிய பிறகும் ஆள் ஏற்றிக்கொண்டே இருந்தோம். ஏறியவர்கள் குரலை அடக்க உதவவில்லை, அண்ணனை மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் அதிர்ஷ்டம், 2003இல் திருச்சியில் ஒரு இளம் டாக்டர் கிடைத்தார். சீட்டைப் பார்த்ததும் "இவ்வளவா?" என்றார். ஒரேயடியாகக் குறைக்கவில்லை. எட்டு மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைத்தார், ஒவ்வொரு தடவையும் குரல் திரும்புகிறதா என்று கேட்டுக்கேட்டு. கடைசியில் வேறு மாத்திரைக்கு மாற்றினார். குரல்கள் முழுதாகப் போகவில்லை. "வர்றாங்க, ஆனா தள்ளி நிக்கிறாங்க" என்பார் அண்ணன். ஆனால் ஒருநாள் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். 53 வயதில். அந்த முகம் சிரிக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

கையெழுத்து திரும்பி வந்தது. இப்போது மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2004க்குப் பிறகு நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆய்வகத்தில் தொங்கிய பெரிய தனிம வரிசை அட்டவணை ஞாபகம் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மை. "யார் டீச்சர் எழுதுனது, பிரிண்ட் மாதிரி இருக்கு" என்று கேட்காத பேட்ச் கிடையாது. "தெரிஞ்ச ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர்" என்று சொல்லுவேன். அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கிய செரிமான மண்டல சார்ட்டும் அந்த ஆர்ட்டிஸ்ட்தான். அவர் என் அண்ணன். எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினார். பரிசு வாங்கிய சேதியைச் சொன்னபோது, "எம் பேரு சொன்னியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். சொன்னேன் என்று பொய் சொன்னேன்.

2016இல் மாரடைப்பில் போனார்.

ஒன்றை மறைத்தால் நேர்மையாக இருக்காது. மாத்திரை முழுக்க நல்லது என்று சொல்லும் படங்கள் மட்டுமே இல்லை. அமெரிக்காவில் அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அம்மையார் இருக்கிறார். ஆங்கில இலக்கியப் பேராசிரியையாக இருந்து, பிறகு மருத்துவம் படித்து மனநல மருத்துவர் ஆனவர். அவர் குழு 211 நோயாளிகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்து 2011இல் வெளியிட்டார்கள். நோயின் காலத்தைப் போலவே, அதிக மருந்து எடுத்தவர்களிடமும் மூளையின் அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. இதைக் கேள்விப்பட்டு உடனே மாத்திரையைக் குப்பையில் போடக் கூடாது. பின்லாந்தில் 62,250 நோயாளிகளை 20 வருடம் வரை கணக்கெடுத்தார்கள். மருந்தே எடுக்காதவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: மருந்து வேண்டும், வேலை செய்யும் மிகக் குறைந்த அளவில் வேண்டும், அந்த அளவை டாக்டரோடு பேசிப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. பின்னூட்டத்தில் மருந்துப் பெயரைப் போட்டு "இது எடுக்கலாமா டீச்சர்" என்று கேட்காதீர்கள்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரரையும் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவரும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார், அதனால் உயர வரிசைக் கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்தது. "அப்ப நார்மல்னா?" என்றார். "கட்டி இல்லன்னு அர்த்தம், தம்பி. அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என் மாணவி, "அப்ப எம்மேல தப்பு இல்லையா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அந்தப் போனில் நான்கு தடவை கேட்டிருப்பாள்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று அந்தப் பெண்ணே என்னிடம் பேசினாள். தூக்கம் வருகிறதாம். விரல் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, பேனா பிடிக்க ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். என்றைக்கு ஆரம்பித்தது, எந்தக் கை என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளையும் எடுத்துப் போகிறார்கள்.